கோ-ஃபவுண்டர் தேடும் முன்: கரிசல் காட்டின் இரண்டு கம்பெனிகள்

கழுகுமலையில் உட்கார்ந்து மென்பொருள் கம்பெனி நடத்துகிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். ஊர்க்காரர்கள் "நெட்டு ஒழுங்கா கிடைக்குதா?" என்பார்கள். பெங்களூர் நண்பர்கள் "கோ-ஃபவுண்டர் யாரு?" என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஃபைபர் வந்துவிட்டது. இரண்டாவதுக்குத்தான் ஒரு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேடலில் படித்தது, விசாரித்தது, கணக்குப் போட்டுப் பார்த்தது எல்லாம் சேர்ந்தது இந்தக் குறிப்பு.

நான் என்ன செய்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமிஷன் கடைகளுக்கான கணக்கு ஆப். எங்கள் பக்கம் எல்லாம் மானாவாரி. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் வத்தல், பருத்தி. விவசாயி மூட்டையைக் கடையில் கொண்டுவந்து இறக்குவார். விதைக்கும் உரத்துக்கும் அதே கடையில் முன்னாடியே பணம் வாங்கியிருப்பார். எடை, சாக்குக் கழிவு, கமிஷன், இறக்குக்கூலி, பழைய பாக்கி, வட்டி எல்லாம் போகக் கையில் என்ன கிடைக்கும் என்று ஒரு சிட்டை எழுதித் தருவார்கள். அந்தச் சிட்டையையும் பேரேட்டையும் போனுக்குள் கொண்டுவருவதுதான் என் வேலை. 14 மாதம் தனியாகவே எழுதினேன். இப்போது 11 கடைகளில் ஓடுகிறது. இதற்கு மேல் தனியாக இழுக்க முடியுமா என்பதுதான் விஷயம்.

தனியாக இருந்தால் என்ன?

இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், 2006-ல் ஸ்டார்ட்அப்களைக் கொல்லும் 18 தவறுகள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் முதல் தவறே தனி ஆளாகத் தொடங்குவதுதான். கூட வரச் சொல்லி ஒரு நண்பரைக்கூடச் சம்மதிக்க வைக்க முடியவில்லை என்றால் அதுவே ஒரு கெட்ட சகுனம், அப்புறம் அடி வாங்குகிற நாட்களை ஒரே ஆள் தாங்க முடியாது என்பது அவர் வாதம். அன்றிலிருந்து முதலீட்டாளர்கள் எல்லோரும் இதையே மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் 2018-ல் ஜேசன் கிரீன்பெர்க், ஈதன் மாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய கம்பெனிகளை எடுத்துப் பார்த்தார்கள். தனி ஆள் தொடங்கிய கம்பெனிகள், குழுவாகத் தொடங்கியவற்றை விட அதிக நாள் தாக்குப்பிடித்திருந்தன. வருமானத்திலும் பெரிய இழப்பு இல்லை. இதை அப்படியே எனக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. கிக்ஸ்டார்ட்டரில் வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் கட்டுகிறார். எங்கள் அண்ணாச்சிகள் ஆறு மாதம் ஓசியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏழாவது மாதம் பாதி விலைக்குக் கேட்பார்கள். இருந்தாலும் ஒன்று தெளிவாகிறது. கோ-ஃபவுண்டர் இல்லாமல் கம்பெனியே இல்லை என்பது சட்டமல்ல. பொருத்தமில்லாத ஒருவரைச் சேர்த்துக்கொள்வதை விடத் தனியாக இருப்பது மேல்.

அப்படியானால் கேட்க வேண்டியது, எந்த வேலைக்காக இன்னொருவர் வேண்டும் என்பதைத்தான். இதற்கு அமெரிக்கப் புத்தகங்களை விட எனக்கு உதவியது எங்கள் ஊரைச் சுற்றி நூறு வருஷத்துக்கு முன் நடந்த இரண்டு தொழில்கள். ஒன்று தென்கிழக்கே, தூத்துக்குடிக் கடலில். இன்னொன்று வடக்கே, சிவகாசியில்.

கப்பல் கம்பெனி

வ.உ.சி.யைத் தியாகியாக எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அவர் ஒட்டப்பிடாரத்துக்காரர், கரிசல் மண்ணில் பிறந்த வக்கீல். ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனராக அவரைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. முதல் 10 லட்சம் ரூபாய் என்று திட்டம், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்தார். திட்டமிட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கு அது. காகிதத்தில் வ.உ.சி.யின் பதவி துணைச் செயலாளர்தான்.

காகிதம்தான் அப்படி. ஓடியது முழுக்க அவர். முதலில் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல் வாடகைக்கு எடுத்தார்கள். எதிரில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, தூத்துக்குடி–கொழும்பு வழியைக் கையில் வைத்திருந்த ராட்சசன். அவர்கள் நெருக்கியதில் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வ.உ.சி. இலங்கைக்குப் போய் வேறு கப்பல் வாடகைக்குப் பிடித்தார். வாடகைக் கப்பலை நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் சொந்தக் கப்பலுக்காகப் பம்பாய் போனார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை வெட்டியது, இவர்களும் வெட்டினார்கள். கடைசியில் பயணிகளுக்கு டிக்கெட்டும் இலவசம், கூட ஒரு குடையும் இலவசம் என்றெல்லாம் போனதாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஆப் கம்பெனிகள் கேஷ்பேக் கொடுப்பதைப் பார்த்து யாராவது புதுசு என்று சொன்னால் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வரும்.

பங்கு விற்றது அவர். கப்பல் பிடித்தது அவர். மேடையில் பேசிப் பயணிகளையும் வியாபாரிகளையும் திருப்பியது அவர். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றதும் அவரே. மார்ச் 12-ல் கைது. ஜூலை 7-ல் தீர்ப்பு, இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார். அதற்கு முந்தைய வருஷமே, 1911-ல், கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள்.

ஒரு நல்ல கோ-ஃபவுண்டர் இருந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. எதிரில் இருந்தது ஒரு சாம்ராஜ்யம். போலீஸ், கலெக்டர், துறைமுகம் எல்லாம் அவர்கள் பக்கம். அதை ஆள்பற்றாக்குறை என்று சுருக்கினால் அது வரலாற்றுக்குச் செய்கிற அநியாயம். நான் பார்ப்பது வேறு. அந்தக் கம்பெனியில் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பேர் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சட்ட ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் இல்லாத மறுநாள் காலையில் அவர் செய்த வேலையை எடுத்துச் செய்கிற இடத்தில் ஒருவர் இல்லை.

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். பங்காளி, கூட்டாளி. பங்காளி என்றால் பங்குக்கு உரியவன், பிறப்பால் வருவது. அதனால்தான் பங்காளிச் சண்டை என்று ஒரு தனி வகையே இருக்கிறது. கூட்டாளி சேர்ந்து வேலை செய்வதால் வருபவன். ஆங்கிலத்தில் கோ-ஃபவுண்டர் என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். எத்தனை சதவீதம் என்று முதல் நாளே கேட்பவர் பங்காளி மனசோடு வருகிறார். நான் எதைப் பார்த்துக்கணும் என்று கேட்பவர் கூட்டாளி. ஷேர் சர்ட்டிஃபிகேட் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தீப்பெட்டிக் கம்பெனி

இனி சிவகாசி. 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். உறவுக்காரர்கள், இளவட்டங்கள். மழை பொய்த்துக்கொண்டே இருக்கிற வறண்ட ஊரில் விவசாயத்தை நம்பினால் ஆகாது என்ற நிலைமை. அந்த வருஷம் இறக்குமதித் தீப்பெட்டி மீது அரசாங்கம் வரியை ஏற்றியிருந்தது, உள்நாட்டில் செய்தால் லாபம் நிற்கும். கல்கத்தாவில் எட்டு மாதம் தங்கித் தீக்குச்சித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-ல் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து சிவகாசியில் தொழிற்சாலை போட்டார்கள். போகப் போக இயந்திரத்தை விடக் கையால் செய்வதுதான் இங்கே கட்டுப்படியாகும் என்று கண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். அங்கிருந்துதான் சாத்தூர், கோவில்பட்டி வரைக்கும் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுக்கு வீடு பரவியது. (அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் பெண்களும், வெகுகாலத்துக்குக் குழந்தைகளும். முன்னோடிகளைப் பாராட்டும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனசு வராது.)

1926-ல் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அணில் மார்க், இன்னொருவருக்கு காக்கா மார்க். இரண்டும் தனித்தனியாக வளர்ந்தன. பின்னால் பட்டாசு, அச்சு என்று இரண்டு பெரிய தொழில் குடும்பங்களாக ஆயின.

ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால் மூணே வருஷத்தில் ஃபவுண்டர்கள் பிரிந்துவிட்டார்கள், ஃபெயிலியர். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கூட்டுத் தொழில் இரண்டாகப் பிரிந்து இரண்டுமே உயிரோடு இருப்பது சாதாரண காரியம் இல்லை. அது எப்படி முடிந்தது? என் ஊகம் இதுதான். இரண்டு பேரும் மொத்தத் தொழிலையும் கற்றவர்கள். ஒருவரிடம் பணம், இன்னொருவரிடம் வித்தை என்று இருந்திருந்தால், பிரியும்போது ஒருவர் கையில் கணக்கு நோட்டும் இன்னொருவர் கையில் ரசாயனப் பக்குவமும் மட்டும் மிஞ்சியிருக்கும். தவிர, தொழில் தொடங்கும் முன்பே எட்டு மாதம் பாஷை தெரியாத ஊரில், வேறு சாப்பாட்டில், சேர்ந்து இருந்திருக்கிறார்கள். ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிய எட்டு மாதம் கல்கத்தா போதும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லணும். அவர்களுக்குப் பின்னால் உறவின்முறை இருந்தது. வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் போட்டு, அதில் பள்ளிக்கூடம் முதல் கிணறு வரை நடத்திய அமைப்பு. நாலு பேருக்குத் தெரிந்த ஆள் என்றால் ஏமாற்ற முடியாது, ஏமாற்றினால் ஊரே கணக்குக் கேட்கும். நம்பிக்கையை அமல்படுத்த ஒரு ஏற்பாடு. அதே ஏற்பாடு வெளி ஆளுக்கு மூடிய கதவு என்பதும் உண்மை. என் மாதிரி ஆப் எழுதுகிறவனுக்கு அந்தப் பின்பலமும் இல்லை, சாதிக்குள்ளேயே கூட்டாளி தேடுகிற உத்தேசமும் இல்லை. அப்படியானால் அந்த நம்பிக்கைக்குப் பதிலாக எதை வைப்பது? என்னைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். சேர்ந்து வேலை செய்து பார்ப்பது, எழுதி வைப்பது.

நண்பனா, சக ஊழியனா

நோம் வாசர்மேன் என்ற பேராசிரியர் கிட்டத்தட்ட 10,000 நிறுவனர்களின் தகவலை வைத்து 2012-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று. முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கிய குழுக்கள்தான் அதிகம் நிலைக்கின்றன. நண்பர்களும் சொந்தக்காரர்களும் சேர்ந்த குழுக்கள், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்த குழுக்களை விடவும் சீக்கிரம் உடைகின்றன. காரணம் எளிது. நண்பனிடம் சம்பளம், பங்கு, யார் முடிவெடுப்பது என்பதையெல்லாம் பேசக் கூச்சம். தெரியாதவனிடம் கூச்சம் இல்லை.

நம்ம ஊர் உதாரணமும் அந்தப் பக்கம்தான். ஃபிரெஷ்வொர்க்ஸ் 2010-ல் சென்னையில் தொடங்கியது. கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஜோஹோவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. கிரீஷ் வாடிக்கையாளர், சந்தை பக்கம் நிற்க, ஷான் தொழில்நுட்பம். ஒருவர் செய்வதை மற்றவர் செய்யவில்லை. ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குப் புரியும்.

புரோகிராமர்கள் வழக்கமாகத் தங்களைப் போலவே இன்னொரு புரோகிராமரைத்தான் தேடுவோம். ஒரே பாஷை, ஒரே ஜோக், பேச சுகமாக இருக்கும். என் முதல் யோசனையும் கல்லூரி நண்பன் ஒருவன்தான். பெங்களூரில் இருக்கிறான், என்னை விட நன்றாக கோட் எழுதுவான். இரண்டாவது யோசனை, கோவில்பட்டியில் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு பெண். எம்.காம்., முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கடையில் ஆப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பட்டா அவரு பேர்ல இருக்கும், கடன் அவரு வீட்டம்மா பேர்ல இருக்கும், மூட்டையைக் கொண்டாந்து போடுறது மகன். இதுல எங்க ஒண்ணு சேரும்?" என்று கேட்டவர். என் டேபிள் வடிவமைப்பில் ஒரு விவசாயி, ஒரு கணக்கு. கடையில் ஒரு குடும்பம், ஒரு கணக்கு. அந்த ஒரு கேள்வியில் மூன்று வார வேலை இருந்தது.

இண்டர்வியூ செய்து இதை முடிவு பண்ண முடியாது. வ.உ.சி. கதையிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது: நான் இல்லாவிட்டால் முதலில் எது நிற்கும்? அதைச் செய்தே பார்த்துவிட்டேன். இருவரிடமும் விஷயத்தைச் சொல்லி, மூன்று மாதம் சேர்ந்து வேலை, அதற்கு இவ்வளவு பணம் என்று பேசி (இலவசமாகச் சோதிக்கக் கூடாது, அப்புறம் அது உதவி ஆகிவிடும், சோதனை ஆகாது), தை மாதம் உளுந்து வரத்து உச்சத்தில் இருக்கும்போது 15 நாள் நான் சென்னைக்குப் போய்விட்டேன். கடைக்காரர்கள் கூப்பிடும் போன் அந்தப் பெண்ணிடம். சர்வர் சாவி நண்பனிடம்.

திரும்பி வந்து பார்த்தது: சர்வர் ஒரு தடவை மக்கர் பண்ணியிருக்கிறது. நண்பன் இரவு பதினொரு மணிக்குச் சரிசெய்திருக்கிறான், அரை மணி நேர வேலை. கடைகள் பக்கம் கதை வேறு. ஒரு கடையில் எடையை ஆப் அரைக் கிலோவுக்கு முழுமையாக்கியதில் விவசாயிகள் சத்தம் போட, அண்ணாச்சி "இது வேண்டாம், நோட்டே போதும்" என்று எடுத்துவைத்துவிட்டார். இந்தப் பெண் நேரில் போய், பழைய சிட்டை அளவிலேயே ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டி, கழிவு எங்கே போகிறது என்று விவசாயிகளுக்கு வரிவரியாகச் சொல்லி, அவரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். அதை நான் போனில் செய்திருக்க முடியாது. நேரில் போயிருந்தாலும் எனக்கு அந்தப் பொறுமை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆக, என் கம்பெனியில் எளிதாக ஈடுகட்டக்கூடிய ஆள் யாரென்றால் நான்தான். கோட் எழுத ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம், நண்பனே மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். மகன் பன்னிரண்டாவது முடிக்கும் வரை வேலையை விட முடியாது என்று அவனாகவே சொல்லிவிட்டான். கடைக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்கிற ஆளைச் சம்பளத்துக்கு வாங்க முடியாது. கோ-ஃபவுண்டர் இடம் அவருக்குத்தான்.

கழுகுமலைக்காரனாக இருந்துகொண்டு வெட்டுவான் கோயில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்த கோயில், கீழே முடியாமல் நிற்கிறது. ஊரில் சொல்லும் கதையின் ஒரு வடிவம், மேலே அப்பன் சிற்பி, கீழே மகன் சிற்பி, போட்டியில் அப்பன் வீசிய உளி மகனைக் கொன்றது, கோயில் அப்படியே நின்றது என்பது. வரலாறு இல்லை, கதைதான். ஆனால் ஒரே வித்தை தெரிந்த இரண்டு பேர் ஒரே மலையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

எழுதி வைப்பது

இதுவரை என் கம்பெனி ஓபிசி, அதாவது ஒருநபர் கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. இதைப் பதியும்போதே, உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் என்று ஒரு நாமினியின் சம்மதத்தை எழுதி வாங்குவார்கள். தனி ஆளாகத் தொடங்குகிறவனிடம் சட்டமே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறது. என் நாமினி என் மனைவி, டீச்சர். ஆனால் நாமினி சாவுக்கும் செயலிழப்புக்கும்தான், 15 நாள் காய்ச்சலுக்கு இல்லை.

இன்னொருவரைச் சேர்த்தால் பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றணும். குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு டைரக்டர். இங்கே பலரும் செலவு குறைவு என்று சாதாரண பார்ட்னர்ஷிப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் இருக்கிற கண்ணிகள் தெரிந்துதான் போடணும். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் லாப நஷ்டம் எல்லோருக்கும் சமம், யார் எவ்வளவு போட்டிருந்தாலும் சரி. ஒரு பங்குதாரர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், தொழிலின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுசாகப் பொறுப்பு. கடன்காரர் யார் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

வாய்ப்பேச்சின் கதி என்ன என்பதற்கு ஒரு வழக்கு. ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கு, தமிழ்நாட்டுக் குடும்பக் கம்பெனி, உச்ச நீதிமன்றம் வரை போனது. அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு 25 பங்கு. இரண்டு கிளையும் எப்போதும் சமமாக வைத்திருக்கணும், விற்பதானால் முதலில் சொந்தக் கிளைக்குத்தான் என்று 1951-ல் வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு. அடுத்த தலைமுறையில் ஒருவர் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் அந்த நிபந்தனை இல்லை, அதனால் அது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு. நாற்பது வருஷப் பேச்சு, ஒரு தாளில் இல்லாததால் போயிற்று. ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது, அதை ஆர்ட்டிகிள்ஸிலும் ஏற்று என்று ஆடிட்டர்கள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான்.

எங்கள் வரைவில் முக்கியமானது வெஸ்டிங். பங்கை இன்றைக்கே பேருக்கு எழுதிவிடுவோம், ஆனால் அது நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறுதியாகும். முதல் ஒரு வருஷத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. அவருக்கு 40 சதவீதம் என்று பேசியிருக்கிறோம். 18 மாதத்தில் விலகினால் 48-ல் 18 பங்கு, அதாவது 15 சதவீதம் அவருக்கு, மீதி 25-ஐ முகமதிப்பு விலைக்கு நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதே விதி எனக்கும் உண்டு. என் 60-க்கும் வெஸ்டிங் போட்டிருக்கிறேன். தனக்குப் போட்டுக்கொள்ளாத விதியை அடுத்தவருக்குப் போட்டால் அது கூட்டு இல்லை, வேலைக்கு ஆள் எடுப்பது. அப்புறம், விலகினால் இதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதலாமே என்றான் நண்பன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்டுப் போனபின் அப்படித் தடுப்பது பொதுவாகச் செல்லாது. செல்லாததை எழுதி வைத்து என்ன பயன்? அணிலும் காக்காவும் மாதிரி பிரிந்தால் பிரிந்தபடி ஓடட்டும்.

யார் எதில் கடைசி வார்த்தை என்பதையும் எழுதியிருக்கிறோம். எந்தக் கடையைச் சேர்ப்பது, என்ன விலை, சிட்டை எப்படி இருக்கணும் என்பது அவர் முடிவு. எந்தத் தொழில்நுட்பம், யாரை வேலைக்கு வைப்பது என் முடிவு. கடன் வாங்குவது மட்டும் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான்.

கடைசி வரியில்தான் இப்போது நிற்கிறது. பேச்சு அவர் வீட்டில் போய் முட்டியது. அவருடைய மாமனார், ரிட்டயர்டு கூட்டுறவு பாங்க் ஆள், ஒரே கேள்விதான் கேட்டார்: "கம்பெனி கடன்பட்டா வீட்டைக் கேப்பாங்களா தம்பி?" லிமிடெட் கம்பெனி, போட்ட பங்கோடு பொறுப்பு முடிந்தது என்று விளக்கினேன். அவர் சிரித்தார். சின்னக் கம்பெனிக்கு எந்த பாங்க் டைரக்டர் கையெழுத்து இல்லாமல் கடன் கொடுக்கும், அந்தத் தனி ஜாமீன் கையெழுத்துதானே வீட்டுக்கு வரும் என்றார். மூணு வரியில் முழு கம்பெனிச் சட்டமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனி ஜாமீன் நான் மட்டும்தான் போடணும், மருமகள் போடக் கூடாது என்று எழுதித் தரச் சொல்கிறார்.

கேட்பது நியாயம்தான். ஆனால் ஜாமீன் முழுக்க என் தலையில் என்றால் 40 சரியா, 35 சரியா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். 40-லேயே இருக்கட்டும், முதல் இரண்டு வருஷம் கடனே வாங்குவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. கடன் இல்லாமல் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வருகிற திங்கட்கிழமை கோவில்பட்டியில் ஆடிட்டரைப் பார்க்கப் போகிறோம். மாமனாரும் கூட வருகிறாராம்.